'விசாரிச்சிட்டு அனுப்பிடறோம்': பதினாறு வயது மகனும் காவல் நிலையமும்

கேள்வி:

வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிறேன். கணவர் இல்லை. ஒரே மகன், பதினாறு வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். போன சனிக்கிழமை சாயங்காலம் டீக்கடையில் நின்றவனை மஃப்டியில் வந்த இரண்டு பேர் "விசாரிச்சிட்டு அனுப்பிடறோம்" என்று பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எனக்குத் தகவல் இல்லை. தெருக்காரர்கள் சொல்லித்தான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். வெளியிலேயே உட்கார வைத்துவிட்டு ராத்திரி பதினொன்றரைக்கு விட்டார்கள். எங்கள் தெருவில் இருபது வயதுப் பையன் ஒருவன் திருட்டு பைக்கோடு மாட்டியிருக்கிறான். அந்த வண்டியில் என் மகனும் இரண்டு நாள் பின்னால் உட்கார்ந்து சுற்றியிருக்கிறான். "அவன் எல்லாத்தையும் கக்கிட்டான், நீயும் ஒத்துக்கிட்டா இப்பவே வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லி உள்ளங்கையிலும் பாதத்திலும் அடித்திருக்கிறார்கள். எழுதாத இரண்டு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். செல்போனையும் வைத்துக்கொண்டார்கள். எப்போது போன் பண்ணினாலும் கூட்டிக்கொண்டு வர வேண்டுமாம். தெரிந்த ஒருவர், இருபதாயிரம் கொடுத்தால் பேர் வராமல் முடித்துத் தருகிறேன் என்கிறார். அவன் ஒத்துக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டது கேஸ் ஆகுமா? கூப்பிட்டால் அனுப்பித்தான் ஆக வேண்டுமா? அவன் படிப்பு, வேலை எல்லாம் போய்விடுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே மூன்று வரியில் பதில் அனுப்பியிருந்தேன். பையனை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், ஸ்டேஷனுக்குத் தனியாக அனுப்பாதீர்கள், யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இப்போது எழுதுகிறேன். ஊர், ஸ்டேஷன், பள்ளி எல்லாவற்றையும் உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். வழக்கில் சம்பந்தப்பட்ட ஒரு குழந்தையை அடையாளம் காட்டும்படி எதை வெளியிட்டாலும் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் யாராவது அவன் போட்டோவைப் போட்டிருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

முதலில் அந்த "விசாரிச்சிட்டு அனுப்பிடறோம்". இருபது வருஷத்துக்கு மேலாக இந்த வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சட்டத்தில் ஒரு மனிதனுக்கு இரண்டு நிலைதான் உண்டு. அவன் சுதந்திரமாக இருக்கிறான், இல்லை காவலில் இருக்கிறான். காவலில் இருந்தால் காரணம் சொல்ல வேண்டும், கைது குறிப்பு எழுத வேண்டும், குடும்பத்துக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இதையெல்லாம் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரிலேயே வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டது. "விசாரணைக்காக உட்கார வைத்திருக்கிறோம்" என்ற மூன்றாவது நிலை நம் ஸ்டேஷன்களின் சொந்தக் கண்டுபிடிப்பு. அதற்கு ரிஜிஸ்தரில் பதிவு இல்லை, நேரம் இல்லை, பொறுப்பாளி இல்லை. பையன் வெளியே போக முடியாதபடி நான்கு சுவருக்குள் இருந்தானா, இருந்தான். அப்படியானால் அது காவல்தான். என்ன பெயர் வைத்தாலும் சரி.

அடி விழுவதெல்லாம் பெரும்பாலும் இந்தப் பெயரில்லாத நேரத்தில்தான். 2025 ஜூனில் திருப்புவனம் பக்கம் மடப்புரத்தில், நகை காணாமல் போன புகாருக்காக விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி ஒருவர் போலீஸ் பிடியிலேயே இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதையும் 'விசாரணை' என்றுதான் சொன்னார்கள்.

இப்போது கையெழுத்துக்கு வருகிறேன். உங்களுக்கு அதிக பயம் அதில்தான் தெரிகிறது. அவன் எதை ஒத்துக்கொண்டிருந்தாலும், போலீஸ் அதிகாரியிடம் ஒத்துக்கொண்டது கோர்ட்டில் அவனுக்கு எதிராகச் செல்லாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் இதுவே 25, 26ஆவது பிரிவுகள்.

ஓ.டி.டி.யில் அமெரிக்கத் தொடர் பார்க்கும் என் ஜூனியர்கள், அங்கே கைது செய்யும்போது "நீ பேசாமல் இருக்கலாம், பேசினால் உனக்கு எதிராகப் பயன்படும்" என்று சொல்கிறார்களே, இங்கே ஏன் இல்லை என்று கேட்பார்கள். அங்கே போலீஸிடம் சொன்னது கோர்ட்டில் சாட்சியாகும். அதனால் பேசுவதற்கு முன் எச்சரிக்கிறார்கள். 1966இல் வந்த மிராண்டா தீர்ப்பின் ஏற்பாடு அது. நம் சட்டம் அதற்கு ஒரு படி முன்னாலேயே கதவைச் சாத்திவிட்டது. போலீஸிடம் சொன்னதைக் கோர்ட்டுக்குள் கொண்டுவரவே கூடாது என்கிறது.

இந்தக் கதவைச் சாத்த வைத்ததில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. கொஞ்சம் பழைய கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். 1854இல் சென்னை மாகாணத்தில் நடக்கும் சித்திரவதைகளைப் பற்றி விசாரிக்க ஒரு ஆணையம் போட்டார்கள். அடுத்த வருஷம் அறிக்கை வந்தது. வரி பாக்கிக்கும் திருட்டு வழக்குக்கும் ஒரே ஆட்கள்தான் அன்றைக்கு அதிகாரம் செலுத்தினார்கள். விரல்களை இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்து நசுக்கும் கிட்டி, தலையையும் காலையும் கயிற்றால் பிணைத்துக் குனிந்தபடியே வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள், இரண்டும் அந்த ஆங்கில அறிக்கைக்குள் தமிழ்ப் பெயரோடேயே ஏறியிருக்கின்றன. நூற்றுக்கணக்கான பேர் நேரிலும் மனுவிலும் புகார் சொன்னார்கள். இந்த மாதிரி அனுபவங்களுக்குப் பிறகுதான் 1861 குற்ற நடைமுறைச் சட்டத்தில் போலீஸிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்று எழுதினார்கள். அது 1872 சாட்சியச் சட்டத்துக்குப் போனது, இன்றைக்குப் புதுச் சட்டத்திலும் இருக்கிறது. தன் போலீஸைத் தானே நம்பாமல் வெள்ளைக்காரன் எழுதிய பிரிவு. சுதந்திரம் வந்து இத்தனை வருஷம் ஆகியும் அதை எடுத்துவிடலாம் என்று துணிந்து சொல்லும் நிலைமை இன்னும் வரவில்லை.

ஒப்புதல் செல்லாது என்றால் ஏன் அடிக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். 'ரெக்கவரி'க்காக. அதே 23ஆவது பிரிவில் ஒரு விலக்கு உண்டு. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த பகுதி மட்டும் சாட்சியமாகும். "வண்டியைக் குளக்கரை முள்ளுக்காட்டில் போட்டிருக்கிறேன்" என்று சொல்லி, அங்கே வண்டி கிடைத்தால் அந்த வாக்கியம் கோர்ட்டுக்குள் வரும், "நான்தான் திருடினேன்" வராது. நடைமுறையில் என்ன ஆகிறதென்றால், வண்டி ஏற்கெனவே கையில் இருக்கும், சொன்ன மாதிரி ஒரு வாக்குமூலத்தைப் பின்னால் எழுதிச் சேர்ப்பார்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்குவது இதற்கு வசதி. இன்னொரு வசதியும் உண்டு. "நானாகவே வந்தேன், என்னை யாரும் துன்புறுத்தவில்லை" என்று மேலே நிரப்பிக்கொள்ளலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், புலன் விசாரணையில் போலீஸிடம் சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்தே வாங்கக் கூடாது. புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ்., அதன் 181ஆவது பிரிவு. குழந்தை என்றால் எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்துப் போடச் சொல்லக் கூடாது என்று இளைஞர் நீதி மாதிரி விதிகள் தனியாகவே சொல்கின்றன. ஆகவே அந்தத் தாள் வெளியே வந்தால் அது உங்கள் மகனைவிட வாங்கியவருக்குத்தான் சங்கடம். ஆனால் அது எப்போது வாங்கப்பட்டது, எப்படி வாங்கப்பட்டது என்று நீங்கள் இப்போதே எழுத்தில் பதிவு செய்தால்தான் அந்தச் சங்கடம் உண்டாகும். ஒரு வருஷம் கழித்துச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

"அவன் எல்லாத்தையும் கக்கிட்டான்" என்று சொன்னது உண்மையோ பொய்யோ, அது ஸ்டேஷன்களில் ரொம்பப் பழைய வித்தை. இப்படிப் பொய் சொல்லி மடக்குவதைப் பெயர் சொல்லித் தடுக்கும் பிரிவைத் தேடினால் கிடைக்காது. ஆனால் "ஒத்துக்கிட்டா இப்பவே வீட்டுக்குப் போகலாம்" என்பது வேறு. அது ஆசை காட்டுதல். ஆசை காட்டுவதையும் மிரட்டுவதையும் பி.என்.எஸ்.எஸ். 182 தடை செய்கிறது. ஒத்துக்கொள்ள வைப்பதற்காகக் காயப்படுத்தினால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 120இன் கீழ் ஏழு ஆண்டு வரை தண்டனை, கொடுங்காயம் என்றால் பத்து ஆண்டு வரை. லத்தியைக் கையில் எடுத்த பிறகு அவர் செய்வது குற்றம், காக்கிச் சட்டை அதை மாற்றாது.

பெரியவர்களுக்கே இத்தனை பாதுகாப்பு உண்டு. உங்கள் மகனுக்கு இதற்கு மேலேயும் ஒரு சட்டம் இருக்கிறது. உண்மையில் உங்கள் வழக்கே இங்கேதான் இருக்கிறது.

இளைஞர் நீதிச் சட்டம் 2015, பதினெட்டு வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது. வேறு எந்தச் சட்டத்தில் என்ன இருந்தாலும், குழந்தையைப் பிடிப்பது, வைத்திருப்பது, விசாரிப்பது எல்லாம் இந்தச் சட்டப்படிதான். மத்திய அரசின் 2016 மாதிரி விதிகளில் 8ஆவது விதியை நான் ஸ்டேஷனுக்குப் போகும்போது நகல் எடுத்துக்கொண்டே போவேன். கொடுங்குற்றம் இல்லையென்றால் குழந்தையைப் பிடித்து வைக்கவே கூடாது, அந்தக் குழந்தையின் நலனுக்கு அது தேவை என்றால் தவிர. கொடுங்குற்றமோ பெரியவர்களோடு சேர்ந்து செய்த குற்றமோ இல்லையென்றால் முதல் தகவல் அறிக்கையும் போடக் கூடாது. ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் எழுதி, சமூகப் பின்னணி அறிக்கையோடு குழந்தைகள் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்பினால் போதும்.

பைக் திருட்டு எந்த வகை? சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு. வாகனம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆவது பிரிவைப் போட்டாலும் அதிகபட்சம் ஏழு ஆண்டு. கொடுங்குற்றம் என்று சொல்ல, குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு இருக்க வேண்டும். அதனால் எந்தப் பக்கம் திருப்பினாலும் இது கொடுங்குற்றம் ஆகாது. ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். கூட இருந்தவன் இருபது வயது. 'பெரியவரோடு சேர்ந்து' என்று சொல்லி எஃப்.ஐ.ஆரில் உங்கள் மகன் பெயரையும் சேர்க்க வழி உண்டு. சேர்த்தாலும் விசாரிக்கும் முறை மாறாது. கீழே சொல்வது எல்லாம் அப்போதும் பொருந்தும்.

குழந்தையை லாக்கப்பில் வைக்கக் கூடாது. கைவிலங்கு கூடாது. எந்த வகையான பலப்பிரயோகமும் கூடாது. குற்றத்தை ஒத்துக்கொள்ளும்படி வற்புறுத்தக் கூடாது. பேசுவதென்றால் சிறப்பு சிறார் காவல் பிரிவிலோ, ஸ்டேஷன் மாதிரி தெரியாத குழந்தைகளுக்கான இடத்திலோதான் பேச வேண்டும். பேசுகிறவர் குழந்தை நலக் காவல் அலுவலர். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் உதவி சார்பு ஆய்வாளர் (ஏ.எஸ்.ஐ.) அந்தஸ்துக்குக் குறையாத ஒருவர் இதற்கென்று இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் 107ஆவது பிரிவு. அவர் சீருடையில் இருக்கக் கூடாது. அம்மாவோ அப்பாவோ கூட இருக்கலாம். பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும், இலவச சட்ட உதவிக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் சொல்ல வேண்டும்.

உங்களை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே நடந்ததை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மஃப்டியில் வந்தது ஒன்றைத் தவிர எதுவும் சட்டப்படி இல்லை. அந்த ஒன்றும் சட்டத்துக்காகச் செய்ததில்லை.

சரி, கூப்பிட்டால் போக வேண்டுமா? போனில் கூப்பிட்டால் போக வேண்டிய கட்டாயம் இல்லை. சாட்சியாக விசாரிப்பதென்றால் பி.என்.எஸ்.எஸ். 179இன் கீழ் எழுத்தில் உத்தரவு வேண்டும். பெண்களையும், பதினைந்து வயதுக்குக் கீழ் இருக்கும் பையன்களையும், அறுபது தாண்டிய ஆண்களையும் ஸ்டேஷனுக்கு வரவழைக்கவே கூடாது, வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. உங்கள் மகன் பதினாறு என்பதால் அந்த வரி அவனைக் காப்பாற்றாது. ஆனால் உங்களைக் காப்பாற்றும். உங்களையே சாட்சி என்று சொல்லி ஸ்டேஷனுக்கு இழுத்தால் "வீட்டில் வந்து கேளுங்கள்" என்று சொல்லலாம். மகனைப் பொறுத்தவரை, எழுத்தில் ஏதாவது வந்தால் மறைந்து நிற்க வேண்டாம். ஒளித்து வைப்பது, சொந்தக்காரர் ஊருக்கு அனுப்புவது இதெல்லாம் அவனுக்குத்தான் கெடுதல். நீங்களும் ஒரு வக்கீலும் கூட வர, பள்ளிச் சான்றிதழோடு, பகலில் போங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று யோசிக்காதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். மாவட்ட கோர்ட் வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். இரவில் திடீரென்று பிடித்துக்கொண்டு போனால் 1098 குழந்தைகள் உதவி எண். நானும் பல வருஷமாக இளைஞர் நீதிக் குழுமத்தில் இலவச உதவி வக்கீலாக நின்றவன்தான். அங்கே வரும் வக்கீல்கள் எல்லோரும் புலி என்று சொல்ல மாட்டேன். ஆனால் கறுப்பு கோட்டு ஒன்று வாசலில் நிற்கிறது என்பதே உள்ளே கையை ஓங்கவிடாமல் செய்யும்.

பையனிடம் நிதானமாகப் பேசி வையுங்கள். பெயர், வயது, பள்ளி, அம்மா நம்பர், இதைத் தயங்காமல் சொல்லலாம். அதற்கு மேல் கேட்டால் "அம்மா பக்கத்தில் இருந்தால் சொல்கிறேன்" என்று சொல்லட்டும். தன்னைக் குற்றத்தில் மாட்டவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது அரசியலமைப்பின் 20(3). 1978இல் நந்தினி சத்பதி வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த உரிமை கோர்ட்டுக் கூண்டில் மட்டும் இல்லை, ஸ்டேஷன் விசாரணையிலும் உண்டு என்று தெளிவாகச் சொன்னது. அவர் ஒரு மாநிலத்தின் முன்னாள் முதல்வர். அவருக்கே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஆகவே பையன் முறைப்பாக நின்று சட்டம் பேச வேண்டாம். பணிவாகச் சொல்லட்டும், கையெழுத்து மட்டும் போட வேண்டாம். பொய்யும் சொல்ல வேண்டாம். வண்டியில் உட்கார்ந்து போனது உண்மையென்றால் அதை வக்கீலிடம் முழுசாகச் சொல்லிவிடட்டும். திருட்டு வண்டி என்று தெரிந்தே போனானா, தெரியாமல் போனானா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதை எங்கே, எப்போது சொல்வது என்று வக்கீல் முடிவு செய்யட்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. நடந்தது எதுவும் காகிதத்தில் இல்லை என்பதுதான் எதிர்ப்பக்கத்தின் பலம். அதனால் நீங்கள் காகிதம் உண்டாக்குங்கள்.

முதல் காகிதம் வயது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அல்லது பள்ளியில் கொடுக்கும் பிறந்த தேதிச் சான்று. அது இல்லையென்றால் நகராட்சி, பஞ்சாயத்து கொடுத்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆவது பிரிவில் இந்த வரிசைதான், ஆதார் அதில் இல்லை. பிறந்த தேதிக்கு ஆதார் ஆதாரமாகாது என்று 2024இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஸ்டேஷனில் ஆளைப் பார்த்து, மீசையைப் பார்த்து "பத்தொன்பது" என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் பையன் நேராகப் பெரியவர்களின் ஜெயிலுக்குப் போய்விடுவான். சான்றிதழின் நகல் உங்கள் பையிலும், வக்கீலிடமும், போனிலும் எப்போதும் இருக்கட்டும்.

இரண்டாவது, ஆஸ்பத்திரி. என் மூன்று வரிப் பதிலுக்குப் பிறகு போய்விட்டு வந்ததாக எழுதியிருந்தீர்கள், நல்லது. விபத்துப் பதிவேட்டு நகல், அதாவது ஏ.ஆர். காப்பி, வாங்கினீர்களா? டாக்டர் கேட்டபோது பையன் என்ன சொன்னான் என்பது அதில் அப்படியே இருக்கும். பயத்தில் "விழுந்துட்டேன்" என்று சொல்லியிருந்தால் மறுபடியும் போய், நடந்ததைச் சொல்லி எழுத வையுங்கள். நம் ஊரில் ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டுப் போட்டுக்கொள்கிறவர்கள் ஏற்கெனவே ஏராளம். அந்தப் பட்டியலில் உங்கள் மகனும் சேர வேண்டாம். கை, பாதப் படங்களைத் தேதியோடு எடுத்து வையுங்கள்.

மூன்றாவது, ஒரு கடிதம். நீளமாக வேண்டாம், ஒரு பக்கம். என்றைக்கு, எத்தனை மணிக்கு, எங்கிருந்து கூட்டிப் போனார்கள், எத்தனை மணிக்கு விட்டார்கள், என்ன செய்தார்கள், எழுதாத இரண்டு தாளில் கையெழுத்து வாங்கியது, செல்போனை ரசீது இல்லாமல் வைத்திருப்பது. கடைசியில் ஒரு வரி: அன்றைய சி.சி.டி.வி. பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும். இதை மாவட்ட எஸ்.பி.க்கும், இளைஞர் நீதிக் குழுமத்துக்கும், அந்த ஸ்டேஷன் இன்ஸ்பெக்டருக்கும் ஒப்புதல் அட்டையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

சி.சி.டி.வி. வரியை வேண்டுமென்றேதான் சேர்க்கச் சொல்கிறேன். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோது, விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், ஸ்டேஷன் கேமராப் பதிவு தினமும் தானாக அழிந்துவிடும்படி அமைத்து வைத்திருந்ததாக உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். அதே வருஷம் டிசம்பர் 2ஆம் தேதி பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லா ஸ்டேஷனிலும் ஒலியோடு கேமரா வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், அந்த வசதி கிடைக்காத இடத்தில் ஓராண்டாவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. கேமரா ரிப்பேர் என்று பதில் வரலாம். வரட்டும். அதையும் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

போலீஸ் மேல் கேஸ் போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். குழந்தையிடம் கொடுமையாக நடந்துகொண்டதற்கு இளைஞர் நீதிச் சட்டம் 75ஆவது பிரிவும் இருக்கிறது. ஆனால் நீங்கள் அதே ஊரில், அதே தெருவில், ராத்திரி தைத்துக்கொண்டு இருக்கப் போகிறவர். வீரமாகப் போராடுங்கள் என்று எழுதிவிட்டு நான் அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவது சுலபம். அந்த ஒரு பக்கக் கடிதம் போய்ச் சேர்ந்தாலே பல இடங்களில் போன் வருவது நின்றுவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு அடுத்த முடிவு எடுக்கலாம், ஒரு வருஷம் இருக்கிறது.

இருபதாயிரம் கேட்கிறவரைப் பற்றி. எழுத்தில் இல்லாத கேஸை எழுத்தில் இல்லாமல் முடித்துத் தருகிறேன் என்கிறார். முடித்ததற்கு என்ன அத்தாட்சி? அடுத்த வண்டி காணாமல் போகும்போது முதலில் நினைவுக்கு வருவது, போன தடவை பணம் கொடுத்த வீடுதான். இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. மூன்று தடவை கொடுத்துவிட்டு நான்காவது தடவை என்னிடம் வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒருவேளை வழக்கே வந்துவிட்டால்? பயந்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். அங்கே ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண். ஜாமீனில் வரக்கூடிய குற்றமா இல்லையா என்ற கேள்வியே குழந்தைக்கு இல்லை, விடுவிப்பதுதான் விதி. கெட்ட கூட்டத்தில் சேருவான், அவனுக்கே ஆபத்து, நீதிக்கே குந்தகம் என்ற மூன்றில் ஒன்றைக் காரணம் காட்டி எழுதினால்தான் மறுக்க முடியும். அந்த முதல் நாளில் நீங்கள் போய் நின்று, "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்வது முக்கியம். வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கு அவன் போகாமல் இருப்பது நல்லது. 2022இன் கடைசி நாளில் செங்கல்பட்டில் அரசு கூர்நோக்கு இல்லத்தில் இருந்த பதினேழு வயதுப் பையன் ஊழியர்கள் அடித்து இறந்துபோன நாட்டில் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முன்ஜாமீன் போடலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். குழந்தைக்கு அது பொருந்துமா என்பதில் உயர் நீதிமன்றங்களே ஒன்றுக்கொன்று வேறு பக்கம் நிற்கின்றன. அந்தச் செலவு இப்போது தேவையில்லை.

மூன்று ஆண்டுக்கு மேல் தண்டனை இல்லாத குற்றமாகப் பதிவாகி, நான்கு மாதம், நீட்டித்தால் இன்னும் இரண்டு மாதம், அதற்குள் விசாரணை முடியவில்லை என்றால் வழக்கு அத்தோடு முடிந்துவிடும். குற்றம் செய்தான் என்றே முடிவானாலும் அறிவுரை, ஆலோசனை, சமூக சேவை என்றுதான் பெரும்பாலும் போகும். படிப்புக்கும் வேலைக்கும் அது தடையாகக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆவது பிரிவு சொல்கிறது. முடிந்த வழக்கை, நன்னடத்தைச் சான்று கேட்கும்போது போலீஸ் வெளியே சொல்லவும் கூடாது. பிற்காலத்தில் ஏதாவது விண்ணப்பத்தில் 'உங்கள் மீது வழக்கு உண்டா' என்ற கட்டம் வந்தால், நிரப்புவதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு நிரப்பச் சொல்லுங்கள். அந்த ஒரு கட்டத்தால் வீணாகச் சிக்கிக்கொண்ட பிள்ளைகள் உண்டு.

செல்போன் பாக்கி. வழக்குக்குத் தேவை என்று எடுத்தால் மகஜர் எழுதி, மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். எடுப்பதை வீடியோ பதிவு செய்ய வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 105ஆவது பிரிவு சொல்கிறது. உங்களிடம் எந்தத் தாளும் தரவில்லை என்றால், அந்த போன் இப்போது யாருடைய மேஜை டிராயரிலோ இருக்கிறது என்று அர்த்தம். வாங்கப் பையனை அனுப்பாதீர்கள், நீங்களும் போக வேண்டாம். கடிதத்தில் பில்லின் நகலையும், பெட்டியில் இருக்கும் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். பெரும்பாலும் ரைட்டரே போன் பண்ணி "வந்து வாங்கிக்கோங்கம்மா" என்பார். அப்போது வக்கீலோடு போய், வாங்கியதற்கு அவர்கள் கேட்கும் கையெழுத்தைத் தேதி, நேரத்தோடு நீங்களே போடுங்கள்.